180 பாடவேளையில் 103தான் கையில்

ஆண்டுத் திட்டம் போட உட்காரும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் திறப்பது பாடநூலைத்தான். 12 அலகு இருக்கிறது. வாரம் 5 பாடவேளை, 36 வாரம். 180ஐ 12ஆல் வகுத்து அலகுக்கு 15 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். பார்வையிட வருபவரும் புரட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார். மூன்றாவது மாதத்தில் அந்தத் தாளை யாரும் தேடுவதில்லை.

பாடநூலை மூடிவைத்துவிட்டு நாட்காட்டியை விரித்துக் கழித்துப் பார்க்க வேண்டும். கணிதத்தை எடுத்துக்கொள்வோம். விடுமுறைகளைத் தள்ளியபின் 180 பாடவேளை. பருவத் தேர்வு மூன்று, ஒவ்வொன்றும் 6 நாள்: 18 போயிற்று. அலகுத் தேர்வு ஆறு. எழுத ஒரு பாடவேளை, விடைத்தாளைக் கொடுத்துப் பேச ஒன்று. பருவத் தேர்வு விடைத்தாள்களுக்கு மூன்று: இதில் 15. ஆண்டு விழா, விளையாட்டு விழா, அவற்றின் ஒத்திகைகள்: 10. ஆசிரியரின் விடுப்பும் பயிற்சி நாட்களும்: 8. கடைசி மூன்று வாரம் திருப்புதல்: 15. ஆக 66 கழிந்து 114 மிஞ்சுகிறது. அதிலும் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையிருப்பாக வைக்க வேண்டும். மிச்சம் 103. அலகுக்கு எட்டரை பாடவேளை. திட்டத்தில் எழுதிய 15இல் பாதியை விடச் சற்றே கூடுதல்.

எண்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் இந்தக் கழித்தலைச் செய்யாத பள்ளியில் நடப்பது எங்கும் ஒன்றுதான். முதல் அலகு 20 பாடவேளை ஓடும். ஆண்டின் தொடக்கம், எல்லாருக்கும் உற்சாகம், பயிற்சிக் கணக்குகள் ஒன்றுகூட விடாமல் போடப்படும். நடுவில் வேகம் கூடும். கடைசி மூன்று அலகுகள் இரண்டு வாரத்தில் வாசித்துக் காட்டப்படும். "போர்ஷன் முடிந்ததா?" என்று கேட்டால் "முடிந்தது சார்" என்று பதில் வரும். பதில் பொய்யில்லை. போர்ஷன் முடிந்தது; பிள்ளைகள் கற்றது எட்டாவது அலகோடு நின்றது. அடுத்த ஆண்டு ஆசிரியர் "கீழ் வகுப்பில் ஒன்றுமே சொல்லித்தரவில்லை" என்று புலம்புவது பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்று அலகுகளைப் பற்றித்தான்.

ஆகவே 103ஐச் சமமாகப் பங்கிடக் கூடாது. சில அலகுக்கு 5 போதும், சிலவற்றுக்கு 14 வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதை அலகின் பக்க எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யவும் கூடாது. இந்த அலகின் மேல் பின்னால் எத்தனை அலகுகள் ஏறி நிற்கின்றன என்பதுதான் அளவுகோல். பின்னம் சரியாக வராத பிள்ளைக்கு விகிதம் வராது, சதவீதம் வராது, வேதியியலில் மோல் கணக்கும் வராது. பக்கத்தில் சிறியதாக இருந்தாலும் அதற்கு 14 கொடுப்பது நியாயம். எதையும் தாங்காமல் தனியே நிற்கும் அலகை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், 5இல் முடித்துக்கொள்ளலாம். ஆசிரியருக்குப் பிடித்த அலகு எப்போதும் கூடுதல் நேரம் தின்னும் என்பதையும் திட்டம் போடும்போதே ஒப்புக்கொள்வது நல்லது.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனித் திட்டம் தயாரானபின் எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே சுவர்முன் நிற்க வேண்டும். குறுக்கே மாதங்கள், நெடுக்கே பாடங்கள்; அலகுக்கு ஒரு ஒட்டுத் தாள். ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் வெளிப்படும் மோதல்கள் ஆண்டு முழுவதும் பிள்ளைகள் சத்தமில்லாமல் சுமந்தவை.

வழக்கமாக அகப்படும் சில: இயற்பியலில் "இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்" என்ற சமன்பாட்டைத் திருப்பி நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வாரத்தில், கணிதத்தில் சமன்பாட்டை மாற்றியமைப்பது இன்னும் தொடங்கியே இருக்காது. 10இன் எதிர்மறை அடுக்குகள் அறிவியலில் ஜூலையிலும் கணிதத்தில் நவம்பரிலும் வரும். வரைபடத்தின் அளவுகோல் புவியியலில் முதல் அலகு. விகிதம் கணிதத்தில் ஐந்தாவது அலகு. ஒட்டுத் தாளைப் பிடுங்கி இரண்டு மாதம் முன்னே நகர்த்தினால் பாதி மோதல் தீர்ந்துவிடும். நகர்த்த முடியாத இடத்தில், முந்திக்கொள்ளும் பாடத்தின் ஆசிரியரே தேவையான அளவுக்கு மட்டும் இரண்டு பாடவேளை கணிதம் எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். அந்த இரண்டு பாடவேளையும் அவருடைய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். "எப்படியோ சமாளிக்கலாம்" என்று விட்டால் சமாளிப்பது பிள்ளைதான்.

காலம் பொருந்தினாலும் மொழி பொருந்தாமல் போகலாம். கணித ஆசிரியர் "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்கிறார். இயற்பியல் ஆசிரியர் "இரு பக்கமும் ஒரே எண்ணைக் கழி" என்கிறார். இரண்டும் ஒரே செயல் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், 13 வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு தனிச் சட்டங்களாக மனப்பாடம் செய்துகொள்கிறது. பெருக்கலில் போய்க் குறியையும் மாற்றிவிடுகிறது. வரைபடத்திலும் இதே கதை. கணிதத்தில் புள்ளிகள் கோட்டின்மேல் சரியாக உட்காரும். அறிவியல் சோதனையில் புள்ளிகள் சிதறித்தான் விழும், நடுவே ஒரு சிறந்த கோடு போட வேண்டும். யாரும் வேறுபாட்டைச் சொல்லாததால் பிள்ளை புள்ளிக்குப் புள்ளி கோடிழுத்து மலைத்தொடர் வரைந்து மதிப்பெண் இழக்கிறது. இப்படிப் பத்துப் பதினைந்து சொற்களுக்கும் முறைகளுக்கும் "இந்தப் பள்ளியில் இப்படித்தான் சொல்வோம்" என்று ஒரு பக்கம் எழுதி எல்லா ஆசிரியரின் குறிப்பேட்டிலும் ஒட்டினால் போதும்.

ஒரே கருத்து வகுப்புக்கு வகுப்பு ஆழமாகித் திரும்பி வர வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் எழுதினார். சுருள் கலைத்திட்டம் என்று அதைச் சொல்கிறோம். நல்ல யோசனை, நடைமுறையில் கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததே: 7இல் சொன்னதையே 8இலும் அதே உயரத்தில் சொல்வது. சுருளா வட்டமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரே கருத்துக்கு மூன்று வகுப்பு ஆசிரியர்களும் கேட்கும் தேர்வுக் கேள்வியை ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் இரண்டு ஆண்டு வீணாகிறது.

கேள்வித்தாள் முதலில், பாடக்குறிப்பு பிறகு

அலகைத் தொடங்குமுன் அந்த அலகின் தேர்வுத்தாளை எழுதிவிட வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. குறிக்கோளை முதலில் தீர்மானி, அதற்கேற்ற அனுபவத்தைத் தேடு, கடைசியில் குறிக்கோள் நிறைவேறியதா பார் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949இலேயே ஒழுங்குபடுத்திச் சொன்னார். நடைமுறையில் வினாத்தாள் தேர்வுக்கு முந்தின இரவு தயாராகிறது. எது நேரம் தின்றதோ அதிலிருந்து கேள்வி வருகிறது, எது முக்கியமோ அதிலிருந்து வருவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். "இது தெரியாமல் அடுத்த அலகுக்குப் போகக் கூடாது" என்று சொல்லத்தக்க மூன்று முதல் ஐந்து விஷயங்களை அலகுக்கு எழுதுங்கள். ஐந்தைத் தாண்டினால் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பொருளடக்கத்தை நகலெடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி எழுதுங்கள்: நேரடியாக ஒன்று, பழகாத சூழலில் ஒன்று. அ பிரிவும் ஆ பிரிவும் வெவ்வேறு ஆசிரியர்களிடம் இருந்தால் இருவரும் ஒரே தாளை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் பேச்சு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் பல பயிற்சி முகாம்களை விடப் பயன் தரும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் கற்றல் நோக்கங்களுக்கு, அறிதல் முதல் மதிப்பிடுதல் வரை, வகுத்த ஆறு படிநிலைகளைப் பாடக்குறிப்பில் அலங்காரமாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. "பகுத்தாய்வர்", "மதிப்பிடுவர்" என்று வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும். வினாத்தாளில் முக்கால்வாசி "வரையறு", "குறிப்பு வரைக". ஆறு நிலை வேண்டாம், மூன்று போதும்: நினைவிலிருந்து எழுதுவது, பயன்படுத்துவது, ஏன் என்று விளக்குவது. வினாத்தாளின் ஓரத்தில் மூன்று நிலைக்கும் விழும் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினால் தாள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இனி ஒன்பது பாடவேளை உள்ள ஓர் அலகு எப்படி இருக்கலாம்? முதல் நாள் 15 நிமிடம், இந்த அலகுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டியவற்றில் 10 சிறு கேள்விகள். மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏறாது. பாதிப் பேர் தடுமாறும் கேள்விக்கு மறுநாள் முழுப் பாடவேளை கொடுக்கலாம். அதை ஈடுகட்டத்தான் கையிருப்பு. ஐந்தாவது பாடவேளையில் இடைச் சோதனை, 5 கேள்வி. ஆறாவது பாடவேளையைத் திட்டத்தில் வெறுமையாக விட வேண்டும்: இடைச் சோதனையில் சறுக்கியவர்களுக்கு அது திருத்தம், மற்றவர்களுக்குக் கடினமான கணக்குகள். திட்டத்தில் இந்தக் காலி இடம் இல்லாவிட்டால் சோதனை வைத்தும் பயனில்லை. பிழை தெரிந்தபின் திருத்த நேரம் இல்லையென்றால், அது ஆசிரியருக்கு வருத்தத்தை மட்டும்தான் தரும்.

வகுப்பு நடக்கும்போதே நாடி பார்க்க ஒற்றைக் கேள்வி போதும், தவறான விடைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால். ஒரு விதை பெரிய மரமாகிறது. காய்ந்த கட்டையின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது: 1. மண் 2. உரம் 3. காற்று 4. சூரிய ஒளி. எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் காட்டியவர் மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று நினைக்கிறார். நான்கு காட்டியவர் ஆற்றலையும் பொருளையும் குழப்பிக்கொள்கிறார். மூன்று காட்டியவருக்குத்தான் ஒளிச்சேர்க்கை உண்மையாகப் புரிந்திருக்கிறது. சமன்பாட்டைத் தப்பில்லாமல் எழுதுகிற பலர் மூன்று காட்ட மாட்டார்கள். கால்வாசிக்கு மேல் தவறு என்றால் வேறு வழியில் திரும்பச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு பேர் என்றால், மற்றவர்கள் பயிற்சி எழுதும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். "புரிந்ததா?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "புரிந்தது மிஸ்" என்பது அதற்கான மரபுப் பதில்.

பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்துக்கு. ஐந்து கேள்வி: நேற்றையதில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. நோட்டைப் பார்க்கக் கூடாது. மறதி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு பிள்ளைகளுக்கே சொல்லத்தக்கது: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும் திருப்புதல் தேர்வில் கைவிரிப்பதும் இதனால்தான்.

விடைத்தாள் திருத்துவதில் ஒரு சிறு மாற்றம் பெரிய வேலை செய்யும். கருத்தையும் மதிப்பெண்ணையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும், தாளை மடித்துவிடும். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எனவே முதல் நாள் தாள் கருத்தோடு மட்டும் போகட்டும். பிள்ளை இரண்டு பிழையைத் தானே திருத்தி எழுதிக் காட்டட்டும். மதிப்பெண் மறுநாள். முதல் முறை வகுப்பில் முணுமுணுப்பு எழும், மூன்றாவது முறை பழகிவிடும்.

வீட்டுப்பாடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் அரை மணி நேர வேலைதான் கொடுக்கிறார். ஆறு பாடத்துக்கு மூன்று மணி நேரம். எந்த நாளில் எந்த இரண்டு பாடம் என்று வகுப்பறைக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினால் தீர்ந்தது.

நேர அட்டவணையில் தோற்கும் திட்டங்கள்

நேர அட்டவணை போடுபவர் பெரும்பாலும் ஒரே ஒருவர், ஆண்டுதோறும் அவரே. அவருக்கு இருக்கும் அதிகாரம் அவருக்கே தெரியாது. வாரத்தின் ஐந்து கணிதப் பாடவேளையில் மூன்று கடைசிப் பாடவேளையில் விழுந்தால் அந்த வகுப்பின் கணிதம் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். விழாவுக்கு முந்தின நாட்களில் முதலில் காவு போவதும் கடைசிப் பாடவேளைகளே.

வரிசை முக்கியம். முதலில் அசையாதவற்றை வையுங்கள்: ஆய்வகம், கணினி அறை, சில நாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர். அடுத்து ஆய்வகத்துக்கான இரட்டைப் பாடவேளைகள். ஒற்றைப் பாடவேளையில் கருவியை எடுத்து வைத்துத் திரும்ப அடுக்கவே நேரம் போய்விடும். சோதனை ஆசிரியரின் செய்துகாட்டலாகச் சுருங்கும். மூன்றாவதாக, ஒரே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் வாரம் ஒரு பாடவேளை ஒன்றாக ஓய்வு. நான்காவதாக, அ, ஆ இரு பிரிவுக்கும் கணிதத்தை ஒரே நேரத்தில் வைக்க முடியுமானால் வையுங்கள். திருத்த வேலைக்குப் பிள்ளைகளைக் கலந்து பிரிக்க அது ஒன்றே வழி. மற்றவை இவற்றுக்குப் பிறகு தானாக இடம் தேடிக்கொள்ளும். இந்த மூன்றாவதும் நான்காவதும் கடைசியில் "பார்க்கலாம்" என்று விடப்பட்டால் இடமே கிடைக்காது.

அந்தப் பொது ஓய்வு வேளையைக் காப்பது அதைவிடக் கடினம். யாராவது விடுப்பு எடுத்தால் சப்ஸ்டிட்யூஷன் போட முதலில் கண்ணில் படுவது நான்கு ஆசிரியர் ஒன்றாக ஓய்வாக இருக்கும் அந்த வேளைதான். சப்ஸ்டிட்யூஷன் பட்டியலிலிருந்து அதை நிரந்தரமாக நீக்கித் தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும்.

உதவி யாருக்கு, எப்போது, யார்

பின்தங்கும் பிள்ளைகளுக்கான வழக்கமான ஏற்பாடு: மாலை ஒரு மணி நேர ஸ்பெஷல் கிளாஸ், நாற்பது பேர், அதே பாடம், கொஞ்சம் உரத்த குரலில். இதனால் யாரும் தேறி வந்ததில்லை என்று சொல்ல மாட்டோம். தேறியவர்கள் பெரும்பாலும் அது இல்லாமலும் தேறியிருப்பார்கள்.

உதவியை மூன்று அடுக்காகப் பார்ப்பது பயனுள்ளது. எல்லாருக்கும் நல்ல வகுப்பு. சிலருக்குச் சிறு குழு. மிகச் சிலருக்குத் தனிக் கவனம். 80, 15, 5 என்று விழுக்காடு சொல்வது வழக்கம். அந்த எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டாம், ஆனால் ஒரு வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் அடுக்குப் பட்டியலில் வந்துவிட்டால் கோளாறு முதல் அடுக்கில் இருக்கிறது. அப்போது ஸ்பெஷல் கிளாஸைக் கூட்டுவது ஓட்டைக் குடத்துக்குக் கூடுதலாக நீர் இறைப்பது போலத்தான்.

யாருக்கு உதவி என்பதை மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். 38 என்ற எண் எதையும் சொல்வதில்லை. அறிவியலில் 38 வாங்கிய மூன்று பேரில் ஒருவருக்கு வாசிப்பு வரவில்லை, ஒருவர் வாரம் ஒரு நாள் வருவதில்லை, ஒருவருக்குப் பின்னம் தெரியாது. மூவரையும் ஒரே ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வைத்தால் மூவருக்கும் பயனில்லை.

பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. தவறாக எழுதிய அதே கேள்வியை ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் கேட்க வேண்டும். இப்போது சரியாகப் பதில் வந்தால் சிக்கல் அறிவியலில் இல்லை, வாசிப்பில். மேல் வகுப்புகளில் இப்படி அகப்படுபவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். எட்டு ஆண்டாக யாரும் தனியே வாசிக்கச் சொல்லாமல் தப்பி வந்திருப்பார்கள். அடுத்தது, கடைசி வரிசையில் நிறுத்திக் கரும்பலகையின் சிறு எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "கவனம் இல்லை" என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குத் தேவை கண்ணாடி. பிறகு வருகைப் பதிவேடு. பத்தில் ஒரு நாள் வராமல் போவதே எச்சரிக்கை அளவு, அதாவது மாதம் இரண்டு நாள். ஆண்டு முடிவில் விழுக்காடு பார்ப்பதில் பயனில்லை. முதல் மாதத்திலேயே பார்க்க வேண்டும், எந்த நாட்கள் என்றும் பார்க்க வேண்டும். திங்கள்கிழமை மட்டும் என்றால் ஒரு காரணம், குறிப்பிட்ட ஒரு பாடம் இரண்டு வேளை வரும் நாள் என்றால் வேறு காரணம்.

சிறு குழு என்றால் 4 முதல் 6 பேர். அரை மணி நேரம், வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வாரம், ஒரே ஒரு திறன். தொடங்கும்போது வைத்த சோதனையையே எண்களை மாற்றி முடிவிலும் வைக்க வேண்டும். தேறியவர் வெளியேற வேண்டும். வெளியேறும் வாசல் இல்லாத குழு, பட்டப்பெயராக மாறிவிடும். நேரம் எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லாத் திட்டமும் இடறும் இடம். விளையாட்டு வேளையிலிருந்து எடுத்தால் அது தண்டனை. கணித வகுப்பிலிருந்தே பிள்ளையை எடுத்துக் கணிதம் சொல்லிக்கொடுத்தால் ஒரு பள்ளத்தை மூடி இன்னொன்று தோண்டுகிறோம். இரு பிரிவுக்கும் ஒரே நேரம் வைத்திருந்தால் திட்டத்தில் வெறுமையாக விட்ட அந்த ஆறாவது பாடவேளை இதற்கு உதவும். அதற்குமேல், காலைக் கூட்டத்துக்கு அடுத்து எல்லா வகுப்புக்கும் பொதுவாக அரை மணி நேரம் வாசிப்பு வேளை என்று வைத்து அதற்குள் குழுக்களை நடத்தலாம். எல்லாரும் எங்கோ ஒரு குழுவில் இருக்கும்போது யாரும் தனியாகத் தெரிவதில்லை.

குழுவை நடத்துவது யார்? பொதுவாகப் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும். பின்னம் வராத பிள்ளைக்குப் பின்னத்தை நான்கு வழியில் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அவர் மூத்தவராகத்தான் இருப்பார். மேல் வகுப்பின் முதல் தர மாணவர்களிடமிருந்து அவரை வாரம் மூன்று அரை மணி நேரம் விடுவிக்கத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். இன்னொன்று, "மெல்லக் கற்போர்" பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்திவிடலாம். செலவே இல்லாத சீர்திருத்தம்.

மூன்றாம் அடுக்கில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கத் தாள். அதில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும்: முன்வரிசை, பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல் அச்சிட்ட குறிப்பு. ஏன் என்பது அதில் வேண்டாம். அது தேவையானவர்களிடம் மட்டும் இருக்க வேண்டியது. இந்த ஏற்பாடு உடைவது வகுப்பாசிரியரிடம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். சப்ஸ்டிட்யூஷனுக்கு வந்தவரும் தேர்வறைக் கண்காணிப்பாளரும் அறியாமல் தாளைப் பிடுங்கும்போதுதான் உடைகிறது. வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் வரிசை எண்ணும் செய்ய வேண்டியதும் மட்டும் இருந்தால் யார் வந்தாலும் கண்ணில் படும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கும் ஒரு பெரியவர் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 15 பேருக்கு மேல் ஒதுக்கினால் அது பெயரளவுக்குத்தான். வாரம் பத்து நிமிடம், முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றி இருக்கக் கூடாது. இப்படிப் பேசும்போது ஒரு நாள், பிள்ளை தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்வதையோ, யாரோ தன்னைத் துன்புறுத்துவதையோ சொல்லக்கூடும். அதற்கு ஆசிரியர் முன்னரே தயாராக இருக்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது. நம்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும், பிள்ளை சொன்ன சொற்களிலேயே அன்றே எழுதிவைக்க வேண்டும், பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். பொறுப்பானவர் யார் என்பது பள்ளி திறக்கும் முதல் நாளிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பெற்றோரை அழைத்து "உங்க பையன் சரியா படிக்கிறதில்லை, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று சொல்வதில் அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, அடிப்பதைத் தவிர. "பின்னத்தைக் கூட்டும்போது தொகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுகிறான். அரையும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். இரண்டு வாரம் தினமும் ஐந்து கணக்கு கொடுத்தனுப்புகிறோம், போட்டானா என்று மட்டும் பாருங்கள், சரியா தவறா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் படிக்காத தாயும் உதவ முடியும். ஆண்டின் முதல் அழைப்பு ஏதாவது ஒரு நல்ல சேதிக்காக இருந்தால் இரண்டாவது அழைப்பைப் பயமில்லாமல் எடுப்பார்கள்.

முடித்த அலகைப் பற்றி ஒரு பக்கம்

அலகு முடிந்த வாரத்திலேயே மூன்று பத்தி: திட்டமிட்ட பாடவேளை, ஆன பாடவேளை, அடுத்த முறை மாற்ற வேண்டியது. பத்து நிமிட வேலை. ஆண்டு முடிவில் எழுதலாம் என்று தள்ளினால் ஞாபகத்தில் இருப்பது களைப்பு மட்டும்தான்.

இதன் நடுவே கையிருப்பு தீர்ந்து நேரம் போதாமல் போகும் மாதமும் வரும். எதை வெட்டுவது என்பதற்கும் முன்கூட்டியே வரிசை வேண்டும். முதலில் போவது, எதையும் தாங்காத அலகின் விரிவுப் பகுதிகள். அடுத்து, ஒரே வகைப் பயிற்சிக் கணக்குகளில் ஐந்துக்கு மேல் இருப்பவை. அதற்கும் அடுத்து, திருப்புதல் மூன்று வாரத்தில் ஒரு வாரம். தினமும் ஐந்து நிமிடம் பழைய பாடம் கேட்டு வந்த வகுப்புக்கு அந்த இழப்பு வலிக்காது. இடைச் சோதனையையும் அதற்கு அடுத்த வெறும் பாடவேளையையும் கடைசி வரை தொடக் கூடாது. பதற்றத்தில் எல்லாரும் முதலில் தொடுவது அதைத்தான், ஏனென்றால் திட்டத்தாளில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதனால் அதை வெறுமையாக விடாமல் "திருத்தம்" என்று மையால் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது ஆண்டில் அந்த ஒரு பக்கத் தாள்கள் 36 சேர்ந்திருக்கும். புதிதாக வரும் ஆசிரியரிடம் பாடநூலோடு அந்தக் கட்டையும் கொடுங்கள். பின்னத்துக்கு எதிரே முதல் ஆண்டு 8 திட்டமிட்டு 17 ஆனதும், இரண்டாம் ஆண்டு 12 திட்டமிட்டு 14 ஆனதும், மூன்றாம் ஆண்டு 14 திட்டமிட்டு 14இல் முடிந்ததும் அதில் எழுதியிருக்கும்.